இவர்களுக்குள் என்ன முறை?

வந்த முதல் நாள் காலமை, விறாந்தைக் கதிரையில் இருந்து தேத்தண்ணீர் குடித்தபடி அவள் சொன்னாள்: "நாங்கள் ராத்திரி நித்திரையே கொள்ளேல்லை."

எனக்கு விளங்கவில்லை. அவள் தனியாகத்தான் வந்திருந்தாள். யாழ்ப்பாணத்தில் நாங்கள் பேசும் தமிழில் 'நாம்' என்ற சொல் கிட்டத்தட்ட இல்லை. முன்னால் இருப்பவரைச் சேர்த்துச் சொன்னாலும் 'நாங்கள்'தான், விட்டுவிட்டுச் சொன்னாலும் 'நாங்கள்'தான். என்னையும் சேர்த்துச் சொல்கிறாளோ என்று நினைத்து, "எனக்கு நல்ல நித்திரை வந்ததே" என்றேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள். கிளாசை நிலத்தில் வைத்தாள். "உமக்கு ஒரு விசயம் சொல்லவேணும்" என்றாள்.

வலிகாமத்தில் ஒரே பள்ளிக்கூடத்தில் ஒரே வாங்கில் இருந்து படித்தவர்கள் நாங்கள். 1995 ஒக்டோபர் 30 இரவு போரினால் ஊரே எழும்பித் தென்மராட்சிக்கு நடந்தபோது பிரிந்தோம். அவளுடைய வீட்டார் கொழும்புக்கும், அங்கிருந்து கனடாவுக்கும் போய்விட்டார்கள். 2018 வைகாசியில் ஒரு மாத லீவில் வந்தாள். அவள் சொன்னதை அனுமதியோடுதான் எழுதுகிறேன். எழுதியதை முழுக்க அனுப்பினேன். அவர்கள் எல்லோரும் வாசித்து இரண்டு இடங்களில் வெட்டச் சொன்னார்கள். வெட்டிவிட்டேன்.

அவளுக்குள்ளே நான்கு பேர். என்னோடு வாங்கில் இருந்தவள் ஒருத்தி. வேலைக்குப் போகிறவள் இன்னொருத்தி. கணக்கெல்லாம் அவள் கையில், அவள் பேசுவது ஆங்கிலம் மட்டும். காவலுக்கு நிற்பவள் ஒருத்தி. குரல் கரகரக்கும், யாரையும் நம்பமாட்டாள். பிறகு சின்னவள். அவளுக்கு ஆறு வயது, 30 வருடமாக ஆறு வயது. ரொறொன்ரோவில் ஒரு மருத்துவரின் அறையில் சின்னவள் முதன்முதலாக வாய் திறந்தபோது அங்கே இருந்த யாருக்கும் ஒரு சொல்லும் விளங்கவில்லையாம். சின்னவளுக்குத் தமிழ் மட்டும்தான் தெரியும், அதுவும் எங்கள் ஊர்த் தமிழ். குப்பி விளக்கு, கிணற்றுக்கட்டு, அரிக்கன் லாம்பு என்று பெரியவர்கள் மறந்துபோன சொற்களெல்லாம் அவளிடம்தான் இருந்தன. எட்டு வருடம் வேறு வேறு நோய்ப் பெயர்களோடு வேறு வேறு குளிசை விழுங்கிய பிறகுதான் சரியான பெயர் கிடைத்தது. டிஸோசியேட்டிவ் ஐடென்டிட்டி டிஸோடர். விலகல் அடையாளக் கோளாறு என்று தமிழில் எழுதலாம். சிறு வயதில், பெரும்பாலும் ஆறேழு வயதுக்கு முன், தப்ப வழியில்லாத ஒரு கொடுமை திரும்பத் திரும்ப நடக்கும்போது அந்தப் பிள்ளையின் மனம் ஒன்றாகத் திரண்டு வளராமல் தனித்தனியாகவே வளர்ந்துவிடுகிறது என்பது இதற்கு மருத்துவர்கள் பலர் சொல்லும் காரணம். அவளுக்கு நடந்தது என்ன என்பது எனக்குத் தெரியும். அது இங்கே வராது.

நான் கேட்டுக்கொண்டிருந்தேன். பயம் வரவில்லை, அதிசயமும் வரவில்லை. வந்தது எங்கள் பெரியம்மாவின் நினைவு.

பெரியம்மாவுக்கு உரு வரும்.

எங்கள் ஊரில் ஒரு சின்ன அம்மன் கோயில் இருக்கிறது. கோபுரம் இல்லை, ஐயர் இல்லை. வேம்பு, கல், ஓட்டுக்கூரை. வருடத்தில் ஒரு வைகாசி வெள்ளி பொங்கல். பெரியம்மா ஒரு கிழமைக்கு முன்பே விரதம் தொடங்கிவிடுவா. பொங்கலன்று பின்னேரம் தலைமுழுகி, ஈரக் கூந்தலை முடியாமல் விட்டு, வேம்புக்குக் கீழே கைகட்டி நிற்பா. பறை தொடங்கும். உடுக்கு சேரும். சின்ன வயதில் நான் எப்போதும் அவவின் காலுக்குக் கிட்டப் போய்க் குந்திக்கொள்வேன், ஏனென்றால் முதலில் தெரிவது அங்கேதான். வாயில் ஒரு கொட்டாவி, பிறகு இன்னொன்று, மூன்றாவது கொட்டாவியில் கண்ணில் நீர் முட்டும். அப்போது வலது கால் பெருவிரல் துடிக்கத் தொடங்கும். விரலில் இருந்து கணுக்கால், கணுக்காலில் இருந்து முழங்கால். துடிப்பு இடுப்புக்கு வரும்போது பெரியம்மா அங்கே இல்லை.

வந்தவ வேறு ஆள். வீட்டில் மாமனாருக்கு முன்னால் குரல் உயர்த்தாத பெரியம்மாவின் வாயால் அந்த மாமனாரை "டேய் மகனே, கிணத்தடி வேம்பை ஆரைக் கேட்டு வெட்டினாய்?" என்று கேட்பா. அந்த மனிசன் சால்வையை இடுப்பில் கட்டிக்கொண்டு நிலம் பார்த்து நிற்பார். பெரியம்மாவைப் பெற்ற ஆச்சியே, "தாயே, குற்றம் குறை பொறுக்கவேணும்" என்று கும்பிடுவா. அரை மணித்தியாலமோ ஒரு மணித்தியாலமோ போகும். பிறகு பூசாரியார் தேசிக்காய் வெட்டி, திருநீறு போட்டு, மஞ்சள் தண்ணீர் தெளிப்பார். பெரியம்மா சாய்வா. பிடிப்பதற்கு இரண்டு பெண்கள் பின்னால் தயாராக நிற்பார்கள். கண் திறந்ததும் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: "தண்ணி."

இந்த இரண்டு பேரும் ஒன்றா? ஒரு உடம்பு, ஒன்றுக்கு மேற்பட்டவர்கள், வேறு குரல், வேறு வயது, இடையில் நினைவு அறுந்துபோவது. வெளியே இருந்து பார்த்தால் ஒன்றுபோலத்தான். அவளிடம் இதைச் சொல்ல எனக்குத் தயக்கமாக இருந்தது. அவளுடைய வாழ்க்கையை ஒரு சாமியாட்டத்தோடு ஒப்பிடுவது அவளைக் குறைத்துவிடுமோ, பெரியம்மாவின் அம்மனை ஒரு நோயோடு ஒப்பிடுவது அம்மனைக் குறைத்துவிடுமோ என்ற தயக்கம்.

எங்கள் ஊர் ஆச்சிமார் புதிதாக ஒருவரைக் கண்டால் கேட்பது, "நீர் ஆற்றை பிள்ளை?" சொன்னதும் அடுத்த கேள்வி, "அப்ப எனக்கு என்ன முறை?" நீயும் நானும் ஒரே ஆளா என்று யாரும் கேட்பதில்லை. பெற்ற வழியா, கொண்ட வழியா, ஒன்றுவிட்டதா, இரண்டுவிட்டதா, எந்தக் கிளையில் எங்கே பிரிந்தது என்றுதான் கேட்பார்கள். நானும் அந்தக் கேள்வியையே பிடித்துக்கொண்டேன்.

மருத்துவத்தில் இந்தச் சொந்தம் பழையது. பியேர் ஜனே என்ற பிரெஞ்சு மருத்துவர் 1889இலேயே மனம் பிளவுபட்டுப் பகுதிகளாக இயங்குவதைப் பற்றி எழுதியவர். பாரிஸில் சல்பெத்ரியேர் வைத்தியசாலையில் அவரிடம் ஒரு மனிதனைக் கொண்டுவந்தார்கள். எழுத்தில் அவனுக்கு அஷீல் என்று பெயர் கொடுத்தார். பிசாசு பிடித்துவிட்டது என்று அவன் கத்தினான். ஜனே அவனோடு வாதாடவில்லை. அவன் கத்திக்கொண்டிருக்கும்போதே பின்னால் நின்று கையில் பென்சிலைக் கொடுத்து, பிசாசோடு மெல்லமாகப் பேசினார். பிசாசு எழுதிப் பதில் சொன்னது. அந்தப் பேச்சின் வழியே போனபோது வெளியே வந்தது ஒரு குற்றவுணர்ச்சி: வெளியூர்ப் பயணத்தில் மனைவிக்குத் துரோகம் செய்திருந்தான், அதை யாரிடமும் சொல்ல முடியாமல் இருந்தான். இதை 1894இல் எழுதியபோது ஜனே அதற்குக் கொடுத்த பெயர் 'நவீன பேயோட்டல்'.

இதை முதலில் வாசித்தபோது எங்கள் பூசாரியார் ஞாபகத்துக்கு வந்தார். யாருக்காவது பொல்லாதது பிடித்துவிட்டது என்று கூட்டிவந்தால் அவரும் மூன்று கேள்விதான் கேட்பார். நீ ஆர்? எங்கையிருந்து வந்தனீ? உனக்கு என்ன வேணும்? பாரிஸ் மருத்துவரும் வலிகாமத்துப் பூசாரியாரும் கேட்டது கிட்டத்தட்ட ஒரே கேள்வி. பதில் வந்த பிறகு செய்வதில்தான் இருவரும் பிரிகிறார்கள். பூசாரியார் வந்ததை வெளியே அனுப்புவார். ஜனே அதை அந்த மனிதனுடைய சொந்தத் துயரமாகவே திருப்பி அவனிடம் கொடுத்தார்.

பிறகு வந்த மருத்துவப் புத்தகங்கள் இந்த இரண்டையும் எங்கே வைப்பது என்று மாறி மாறி எழுதின. அமெரிக்க மனநல மருத்துவர்கள் 1980இல் 'பல ஆளுமை' என்று தனி நோயாகப் பட்டியலிட்டார்கள். 1994இல் பெயரை 'விலகல் அடையாளக் கோளாறு' என்று மாற்றினார்கள். ஒருவருக்குள் பல ஆட்கள் என்பதைவிட ஒரு அடையாளம் திரளாமல் போனது என்பதுதான் சரி என்று அந்த மாற்றத்துக்குக் காரணம் சொன்னார்கள். 2013இல் வந்த, அவர்களுடைய நோய்ப் பட்டியலின் ஐந்தாம் பதிப்பில், சில பண்பாடுகளில் இதையே 'ஆட்கொள்ளப்படுதல்' என்று சொல்வார்கள் என ஒரு வரி சேர்ந்தது. கூடவே, பரவலாக ஏற்றுக்கொள்ளப்பட்ட சமய வழக்கமாக இருந்தால் அது நோய் ஆகாது என்றும் இருக்கிறது. 2022இல் நடைமுறைக்கு வந்த உலகச் சுகாதார நிறுவனத்தின் பட்டியலோ இரண்டையும் பக்கத்துப் பக்கத்து வீட்டில் வைத்திருக்கிறது: அடையாளம் பிரிந்தது ஒரு இலக்கம், வெளியே இருந்து ஒன்று வந்து ஏறியது இன்னொரு இலக்கம். ஏறியது நோயாக வேண்டுமானால் அது வேண்டாமல் வந்திருக்கவேண்டும், ஊர் வழக்கத்துக்குள் அடங்காததாக இருக்கவேண்டும், ஆளை வருத்தவேண்டும்.

இதில் ஒரு நியாயம் இருக்கிறது. பெரியம்மாவின் அம்மன் எந்த இலக்கத்துக்குள்ளும் வரமாட்டா. யாழ்ப்பாணத்து மனநல மருத்துவர்களும் இதைத் தங்கள் கண்ணாலேயே பார்த்தவர்கள். பேராசிரியர் தயா சோமசுந்தரமும் உடன் ஆய்வு செய்தவர்களும் 2008இல் வட இலங்கையின் உருநிலைகள் பற்றி எழுதிய கட்டுரையில், நோயோடு ஆஸ்பத்திரிக்கு வந்தவர்களையும் நோய் எதுவும் இல்லாமல் ஊரில் உரு வருகிறவர்களையும் தனித்தனியாக வைத்துத்தான் பார்த்தார்கள். எங்கள் வீட்டில் யாரும் அதை வாசித்திருக்கவில்லை. ஒரு வருடம், படித்த மருமகன் ஒருவர் பெரியம்மாவை ஒரு டொக்டரிடம் கூட்டிக்கொண்டு போனார். அவர் இரண்டு நிமிடம் கேட்டுவிட்டுக் குளிசை எழுதினார். அந்த வருடப் பொங்கலுக்குப் பெரியம்மா வேம்புக்குக் கீழே கண் சொருகி, சுவரில் சாய்ந்துகொண்டு இருந்தா. பறை அடித்துக் களைத்து நின்றது.

படித்த வீடுகளில் உரு என்றாலே ஒரு கூச்சம் உண்டு. ஆறுமுக நாவலர் காலத்தில் இருந்தே ஆகமக் கோயில் மேல், வேம்படிக் கோயில் கீழ் என்ற எண்ணம் எங்கள் ஊர்களில் ஊறிக் கிடக்கிறது. அதற்குள் சாதியும் ஒளிந்திருக்கிறது. வீட்டில் வாய் திறக்க முடியாத பெண்களுக்கு அதுதான் ஒரே வழி, அதனால்தான் உரு வருகிறது என்று விளக்கம் சொல்பவர்களும் உண்டு. அதில் உண்மை இல்லாமல் இல்லை. மாமனார் வெட்டிய வேம்பைப் பற்றிக் கேட்டது யார் என்று எனக்கும் கேள்வி உண்டு. ஆனால் ஒரு பெண்ணின் ஒரு கிழமை விரதத்தையும் பக்தியையும் வெறும் தந்திரமாகச் சுருக்கிவிடும் அந்த விளக்கத்தை என்னால் ஏற்கமுடியாது. என் கூட்டாளியையும் அப்படித்தான் நடிக்கிறாள் என்றார்கள். இந்த நோயுள்ளவர்களையும், அவர்களைப்போல நடிக்கச் சொல்லிப் பயிற்றுவித்தவர்களையும் ஒரே படக்கருவிக்குள் வைத்து மூளையைப் பார்த்த ஆய்வு ஒன்று 2012இல் வந்தது. நடித்தவர்களின் மூளை அதேபோல வேலை செய்யவில்லை.

வேறொரு கூட்டத்தையும் இந்தச் சொந்தத்துக்குள் சேர்க்கவேண்டும்: குரல் கேட்பவர்கள். அமெரிக்க மானிடவியலாளர் தான்யா லூர்மன், கலிபோர்னியாவிலும் கானாவின் அக்ராவிலும் சென்னையிலும் இடத்துக்கு 20 பேராக, மனச்சிதைவு நோயோடு குரல் கேட்பவர்களிடம் பேசினார். அமெரிக்கர்களுக்குக் கேட்ட குரல்கள் பெரும்பாலும் யாரென்று தெரியாதவை, கொடியவை. சென்னையில் பாதிக்கு மேற்பட்டோருக்குக் கேட்டது சொந்தக்காரரின் குரல். தாய், மாமியார், அக்கா. குளி, வேலையைப் பார் என்று ஏசும் குரல்கள். நோயிலும்கூடத் தமிழனுக்குள் வந்து இருப்பது உறவுக்காரர்தான் என்பதை வாசித்தபோது எனக்கு நெஞ்சு இளகிப்போனது. அங்கேயும் ஒருவேளை முதற்கேள்வி 'என்ன முறை'தான்.

சங்கப் பாட்டிலும் இந்த வழக்கு இருக்கிறது. மகள் மெலிந்துபோகிறாள். முருகன் அணங்கிவிட்டான் என்று தாய் வேலன் என்ற முருகன் பூசாரியைக் கூட்டிவந்து, வெறியாட்டு என்ற சாமியாட்டம் நடத்துகிறாள். பெண்ணுக்கு இருப்பது காதல் என்று தோழிக்குத் தெரியும். நற்றிணையில் ஒரு தோழி முருகனையே பார்த்துச் சொல்கிறாள்: இந்த நோய் உன்னால் வந்ததில்லை என்று தெரிந்தும் வேலன் அழைத்தான் என்று வந்தாயே, "கடவுள் ஆயினும் ஆக, மடவை மன்ற வாழிய முருகே." நீ கடவுளாகவே இரு, ஆனாலும் விளங்காதவன். உண்மையில் வந்திருப்பது எது, ஊர் அதற்குக் கொடுக்கும் பெயர் எது, இரண்டும் பொருந்தாவிட்டால் அந்தப் பெண்ணின் கதி என்ன என்று எங்கள் மொழி இவ்வளவு காலமாகக் கேட்டுக்கொண்டே இருக்கிறது.

1995இல் எனக்கு 12 வயது. அந்த இரவு மழை. நாவற்குழிப் பாலத்துக்குக் கிட்ட சனம் நகரவே இல்லை. அம்மாவின் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஒரு கட்டத்தில் குளிர் நின்றுவிட்டது. கால் நோவும் நின்றுவிட்டது. சேலைத் தலைப்பைப் பிடித்திருக்கிற ஒரு பிள்ளையை நான் கொஞ்சம் உயரத்தில் இருந்து, ஒரு பூவரச மரத்து உயரத்தில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். பாவம் இந்தப் பிள்ளை, நல்லா நனைஞ்சுபோச்சு என்று நினைத்தேன். நினைத்தது யார், நனைந்தது யார்? கைதடியில் ஒரு வீட்டுத் திண்ணையில் சுடுசோறு தந்தபோதுதான் இரண்டும் சேர்ந்தது. அதோடு முடிந்துவிட்டது. எனக்கு அந்தப் பிள்ளை தனியாக வளரவில்லை.

இதை அவளுக்குச் சொன்னேன். "உமக்கு வாசல் வரைக்கும் தெரிஞ்சிருக்கு" என்றாள். "எனக்கு வீடே அதுதான்." ஏன் எனக்கு வாசலோடு நின்றது என்று யோசித்துப் பார்க்கிறேன். எனக்கு அது ஒரு இரவு, பக்கத்தில் அம்மா, சுற்றி இலட்சக்கணக்கான சனம், எல்லோருக்கும் ஒரே துன்பம். அவளுக்கு அது பல வருடம், பூட்டிய அறை, சொன்னால் நம்ப ஒருவரும் இல்லை. ஆறு வயதுப் பிள்ளைக்குத் துணைக்கு ஒருவரும் வராதபோது அந்தப் பிள்ளை தனக்குள்ளேயே துணைக்கு ஆள் கூட்டிக்கொண்டது. வேறு எதையும்விட இதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதுகிறேன். கரகரத்த குரலில் காவலுக்கு நிற்கிறவளைப் பார்த்து முதலில் எனக்குப் பயமாக இருந்தது. இப்போது அவளுக்கு நன்றி சொல்லவே தோன்றுகிறது.

1996 நடுப்பகுதியில் நாங்கள் ஊருக்குத் திரும்பியிருந்தோம். அந்த வருடம் யாழ்ப்பாணத்தில் நூற்றுக்கணக்கானவர்கள், பெரும்பாலும் இளைஞர்கள், பிடித்துச் செல்லப்பட்டுக் காணாமல் ஆக்கப்பட்டார்கள். பொங்கல் பிந்தி, சின்னதாக நடந்தது. உரு வந்து நின்ற பெரியம்மாவின் காலில் ஒரு தாய் விழுந்து, "தாயே, என்ரை பிள்ளை இருக்கிறானோ?" என்று கேட்டா. பறை நின்றுவிட்டது. அம்மன் எப்போதும் உடனே பதில் சொல்லுவா. அன்றைக்குச் சொல்லவில்லை. குனிந்து அந்தத் தாயின் தலையைத் தன் வயிற்றோடு அணைத்துக்கொண்டு அழுதா. அம்மன் அழுததை அதற்கு முன் ஊர் கண்டதில்லை. பிறகு ஒவ்வொருவராக எல்லோரும் அழத் தொடங்கினார்கள். ரோந்துக்காரருக்குக் கேட்டுவிடும் என்று வீட்டுக்குள் அடக்கி வைத்த அழுகையெல்லாம் அந்த வேம்புக்குக் கீழே வந்தது. மட்டக்களப்பில் போர்க்காலத்தில் அம்மன் கோயில்களில் தெய்வம் ஆடியவர்களிடம் இதேபோலக் காணாமல் போனவர்களின் தாய்மார் வந்து கேட்டதைப் பற்றி மானிடவியலாளர் பற்றிசியா லோறன்ஸ் விரிவாக எழுதியிருக்கிறார். ஒருத்தியின் வாயால் சொல்ல முடியாததைச் சொல்ல இன்னொரு வாய் தேவைப்பட்ட காலம் அது.

பெரியம்மாவின் அம்மனும் என் கூட்டாளியின் சின்னவளும் ஒரு கிளையில் பிறந்தவர்கள் என்று நான் நினைப்பது இதனால்தான். ஒரு ஆள் சுமக்க முடியாததைச் சுமக்க வந்தவர்கள் இருவரும். ஒன்றுவிட்ட சகோதரங்கள். வளர்ந்த வீடு வேறு. அம்மனை வரவேற்கப் பறை இருந்தது, விழுந்தால் பிடிக்கக் கை இருந்தது, வழியனுப்பத் தேசிக்காய் இருந்தது. சின்னவளுக்கு இருட்டு மட்டும்தான்.

என் இந்தக் கணக்குக்குள் அடங்காதவர்களும் இருக்கிறார்கள். எந்தக் கொடுமையும் நடக்காமலே, பிறந்ததில் இருந்து தாங்கள் ஒன்றுக்கு மேற்பட்டவர்கள் என்று சொல்பவர்கள் உண்டு. பயிற்சி செய்து தங்களுக்குள் ஒரு துணையை வளர்த்தெடுப்பவர்கள் உண்டு. திபெத்தியச் சொல்லில் இருந்து எடுத்து அந்தத் துணையை டுல்பா என்று சொல்கிறார்கள். வதைபட்டுப் பலரானவர்களில் சிலருக்கு இவர்களைக் கண்டால் கோபம் வருகிறது, எங்கள் காயத்தை விளையாட்டாக்குகிறீர்கள் என்று. அவளிடம் இதைக் கேட்டேன். காவல்காரிக்குக் கோபம்தானாம். அவளுக்கு இல்லையாம். "எங்கடை கூத்தில காத்தவராயனுக்கு ஆடுறவர் விரதம் இருந்து, கடைசியில கழுமரம் ஏறேக்கை அழுவாரே, அது நடிப்போ உண்மையோ எண்டு நீங்கள் ஆரும் சண்டை பிடிச்சனீங்களோ?" என்று கேட்டாள். பிடிக்கவில்லைதான். காத்தவராயன் கூத்தை நாங்கள் நேர்த்திக்கு ஆடுகிறோம். மாரியம்மன் வேடக்காரர் களரிக்கு வரும்போது பார்த்துக்கொண்டிருக்கும் பெண்களுக்கு உரு வருவதும் உண்டு. வேடக்காரருக்கு வராமல் பார்ப்பவருக்கு வரும். ஆனாலும் நோயையும் நேர்த்தியையும் விருப்பத்தையும் ஒரே பெட்டிக்குள் போட்டு எல்லாம் ஒன்றுதான் என்பதற்கு நான் உடன்படமாட்டேன். வைத்தியம் வேண்டியவருக்கு வைத்தியம் கிடைக்காமல் போய்விடும்.

அது வெறும் பேச்சல்ல. அவள் வந்த இரண்டாம் கிழமை, அவளுடைய சொந்தக்காரர் ஒருவர் விசயம் கேள்விப்பட்டு, பேயோட்டுகிற ஒருவரிடம் கூட்டிக்கொண்டு போக ஓட்டோவோடு வந்துவிட்டார். நல்ல மனதோடுதான் வந்தார். பிரம்பால் இரண்டு போட்டால் போய்விடும் என்றார். அவள் கை என் கையைப் பிடித்தது. பிடி மாறியிருந்தது, சின்னப் பிள்ளை பிடிப்பதுபோல விரல்களை மட்டும் பிடித்தாள். அவரோடு நான் சத்தம் போட்டேன். ஆறு வயதுப் பிள்ளையை அடித்து அதன் வீட்டை விட்டுக் கலைப்பதற்கா கூட்டிப் போகிறீர்கள் என்று கேட்டேன். அவருக்கு விளங்கவில்லை. ஓட்டோவைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார், இன்றுவரை என்னோடு கதைப்பதில்லை.

அன்று பின்னேரம் அவளைப் பெரியம்மா வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். பெரியம்மாவுக்கு அப்போது 74 வயது. முருங்கைக்காய் வெட்டிக்கொண்டிருந்தா. நான் பாதி சொன்னதுமே கையால் என்னை நிறுத்திவிட்டு அவளிடம் திரும்பினா.

"பிள்ளை, வரேக்கை உனக்கு முன்னுக்குத் தெரியுமோ?"

"சில நேரம் தெரியும் பெரியம்மா. பின்கழுத்துக் கனக்கும். சில நேரம் தெரியாது. ஒரு மணித்தியாலம் எங்கையோ போயிடும்."

"எனக்குக் கொட்டாவி வரும்."

"பிறகு நினைவிருக்குமோ உங்களுக்கு?"

"ஒண்டும் இராது. சனம் சொல்லித்தான் தெரியும். தொண்டை நோகும், கால் நோகும்." முருங்கைக்காய் நாரை உரித்துப் போட்டா. "உனக்கு ஆர் இறக்கி விடுறது?"

"இறக்கிறேல்லை பெரியம்மா. அவையள் வீட்டு ஆக்கள்."

பெரியம்மா கத்தியை வைத்துவிட்டு யோசித்தா. எனக்கு வந்து போகிற விருந்தாளி, இவளுக்குக் கூடவே இருக்கிற குடும்பம் என்று மனதுக்குள் பிரித்துப் பார்த்திருப்பா என்று நினைக்கிறேன். பிறகு கத்தியை எடுத்தா.

"அப்ப சாப்பாடு போடத்தானே வேணும்" என்றா.

எல்லோரையும் ஒருத்தியாகச் சேர்த்துவிடுவதே சுகம் என்று நிற்கும் மருத்துவர்கள் உண்டு. சண்டை இல்லாமல் ஒருவரை ஒருவர் அறிந்து, ஒத்துப்போய் வாழ்ந்தால் போதும் என்பவர்களும் உண்டு. அவளுடைய நால்வரும் இரண்டாவது வழியைத்தான் கேட்டிருக்கிறார்கள். அதற்கு அவர்கள் கனடாவில் எத்தனையோ வருடம் பாடுபட்டிருக்கிறார்கள். பெரியம்மா அதை ஒரு முருங்கைக்காய் வெட்டி முடிவதற்குள் விளங்கிக்கொண்டா.

நானும் அதற்குள் பழகியிருந்தேன். வாங்கில் இருந்தவளை நீர் என்றேன். காவல்காரிக்கு நீங்கள். சின்னவளுக்கு நீ, சில நேரம் குஞ்சு. வேலைக்குப் போகிறவளோடு எனக்குத் தெரிந்த ஆங்கிலம். எங்கள் தமிழில் நீ, நீர், நீங்கள் என்று மூன்று படி இருப்பது இவ்வளவு உதவியாக இருக்கும் என்று நான் நினைத்ததில்லை. எந்தப் படியில் கூப்பிட்டால் யார் திரும்புகிறார்கள் என்று பார்த்தே வந்திருப்பது யார் என்று தெரிந்துகொள்ளலாம்.

பொங்கல் அந்த வருடம் அவள் திரும்பிப் போவதற்கு நான்கு நாள் முன்பு வந்தது. பறைச் சத்தம் அவளுக்கு ஆகுமோ என்று பயந்து, கூட்டத்துக்கு வெளியே கிணற்றுக்கட்டில் இருந்துதான் பார்த்தோம். கொட்டாவி வந்தது. கால் துடித்தது. வயதுபோன உடம்பில் அம்மன் முன்போல ஆடவில்லை. ஒரு இடத்தில் நின்று அசைந்தா, கையில் வேப்பிலை. கால் மணித்தியாலத்தில் பூசாரியார் தேசிக்காயை வெட்டினார். அவள் கண் இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். "விழ முதலே பிடிக்கிறாங்கள்" என்றாள். வேறு ஒன்றும் சொல்லவில்லை.

இரவு பெரியம்மாவின் கால் வீங்கிவிட்டது. விறாந்தையில் பாய் போட்டு, நல்லெண்ணெய் சூடாக்கிக் கொண்டுவந்து அவள் காலைப் பிடித்துவிடத் தொடங்கினாள். பெரியம்மா கண்ணை மூடிக்கொண்டிருந்தா. கொஞ்ச நேரத்தில் கைப்பிடி மாறியதை அவவும் உணர்ந்திருக்கவேண்டும்.

"இப்ப பிடிக்கிறது ஆர்?"

"சின்னவள்," என்றது மெல்லிய குரல்.

பெரியம்மா காலை இழுத்துக்கொண்டா. "சின்னப் பிள்ளையைக் கொண்டு வேலை வாங்கிறதே? அது போய் விளையாடட்டும். பெரிய ஆளை வரச்சொல்லு."